வலது பக்கம் போன குண்டுகள்

உக்காருங்க அண்ணாச்சி, இந்த நாற்காலி காலியாத்தான் கெடக்கு. என் பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். பேரு சொல்லிக் கூப்பிடுவாவளாம். அதுவரைக்கும் இங்கன உக்காந்து செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்கணும். என் தலையெழுத்தைப் பாருங்க. கண்ணுல ஒரு தூசி கெடையாது, செவப்பு கெடையாது, தண்ணி வடியல, பீளை தள்ளல. ஆனாலும் கண்ணாஸ்பத்திரிக்கு வந்து உக்காந்திருக்கேன். எதுக்குன்னு கேளுங்க. ஒரு பொம்பளை எஸ்.ஐ. சொன்னா, டி.எஸ்.பி. தலையை ஆட்டுனாரு, அதுக்காக.

நான் கோவக்காரன்தான், மறைக்கல. என் வீட்டுக்காரியைக் கேட்டா இன்னும் நாலு சேத்துச் சொல்லுவா. ஆனா நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, இதுக்குக் கோவப்படாம வேற எதுக்குக் கோவப்படணும்?

நான் போலீசு. ஆயுதப்படை. லத்தியைத் தூக்கிட்டு பந்தோபஸ்துக்கு நிக்கிற ஆளு இல்ல, ஆர்மரர் ஏட்டு. துப்பாக்கிக்கு வைத்தியம் பாக்குற ஆளுன்னு வச்சுக்கிடுங்க. எங்க மாவட்டத்துல ஒரு துப்பாக்கி வெளிய போகணும்னா என் கை பட்டுத்தான் போகும், உள்ள வரணும்னா என் கை பட்டுத்தான் வரும். ஆயுத அறைச் சாவி என் இடுப்புலதான் கெடக்கும். கெடந்துச்சு. இப்ப இல்ல. இப்ப போலீஸ் கேண்டீன்ல சோப்பும் பிஸ்கட்டும் அடுக்கிட்டு இருக்கேன். இந்தக் கையி ரிவால்வரு கொழாயைத் தடவிப் பாத்தே உள்ள துரு இருக்கா இல்லையான்னு சொல்லும். அந்தக் கையில இப்ப சோப்பு.

இன்னைக்கு இந்த டாக்டரு, கண்ணு நல்லா இருக்குன்னு ஒரு காயிதம் எழுதிக் குடுத்தாவன்னா, நாளைக்கே சாவி என் கைக்கு வந்துரும். டி.எஸ்.பி. ஐயாவே சொல்லியிருக்காவ. அதுக்குத்தான் வந்திருக்கேன். வைத்தியத்துக்கு இல்ல, நல்லா கேட்டுக்கிடுங்க, காயிதத்துக்கு.

விஷயம் என்னன்னா, ஒரு ரிவால்வரு. பாயிண்ட் முப்பத்தெட்டு. நல்ல உருப்படி. ஒரு இன்ஸ்பெக்டரு மாடிப்படியில அதைக் கீழ போட்டுட்டாரு. போட்டவரு கமுக்கமா உறைக்குள்ள சொருகிக் கொண்டாந்து ஒப்படைச்சுட்டுப் போயிட்டாரு. நான் எடுத்துப் பாக்கேன், போர்சைட்டு மொட்டையா நிக்கி. போர்சைட்டுன்னா, கொழாயோட மூக்குல ஒரு சின்னத் தகடு நிக்குமே, அது. அதுக்கு ஜோடி பேக்சைட்டு. அது பின்னால, நம்ம கண்ணுக்குக் கிட்ட இருக்கும், நடுவுல ஒரு வெட்டு. அந்த வெட்டுக்குள்ள முன்தகட்டைக் கொண்டாந்து நட்ட நடுவுல நிறுத்தி, குறியைப் பாத்துச் சுடணும். இதுல ஒரு மயிரிழை பிசகுனா, அங்க டார்கெட்டுல ஒரு சாண் பிசகும்.

மண்டலத்துச் சூட்டிங் போட்டி வருது, அதுக்கு இந்த ரிவால்வரையே போட்டி உருப்படியா ஆக்கிருவோம்னு முடிவு பண்ணி, புது சைட்டு ஜோடி வரவழைச்சாவ. வேலை யாருகிட்ட வரும்? எங்கிட்டத்தான். வெளியூர்ல இருந்து ஆளைக் கூப்பிடலாமான்னு ஒருத்தரு இழுத்தாரு. டி.எஸ்.பி. ஐயா, வெயிலுமுத்து ஏட்டு இருக்கும்போது வெளியாளு எதுக்குன்னுட்டாவ. அதே டி.எஸ்.பி. ஐயாதான். மனுசன் மாறுறதைப் பாருங்க.

பழைய தகட்டைப் புடிச்சிருந்த ஊசியைத் தட்டி எடுக்கவே எனக்குப் பாதி நாள் போச்சு. பட்டறைக் கவ்வியில அப்படியே வச்சு இறுக்கக் கூடாது, கொழாய்ல காயம் விழுந்துரும். பழைய பூட்சோட நாக்குத் தோலை வெட்டி ரெண்டு பக்கமும் குடுத்துத்தான் இறுக்கணும். புதுத் தகட்டை உக்கார வச்சு, ஊசி அடிச்சு, ஆடுதான்னு நகத்தால நெம்பிப் பாத்தேன். அசையல. பேக்சைட்டுக்கு ரெண்டு ஸ்க்ரூ. மேல இருக்கிறது ஏத்த இறக்க, பக்கத்துல இருக்கிறது இடம் வலம் நகட்ட, திருப்பத் திருப்பக் கிளிக் கிளிக்குன்னு எண்ணிக்கிடலாம். பேக்சைட்டை எந்தப் பக்கம் நகட்டுதீயளோ குண்டு அந்தப் பக்கம் போகும். போர்சைட்டு நேர் எதிரு. புதுத் தகடு எப்பவும் உசரமாத்தான் வரும், குண்டு கீழ விழும், அரத்தால ராவ ராவ மேல ஏறும். ஒரு இழுப்பு கூடிட்டா அம்புட்டுத்தான். ராவுன இரும்பை ஒட்ட வைக்க எந்தக் கொம்பனாலயும் முடியாது. நான் ஒரு இழுப்பு இழுப்பேன், ரேஞ்சுக்குப் போயி சுட்டுப் பாப்பேன், திரும்பி வந்து இன்னொரு இழுப்பு. வெயில்ல நடையா நடந்தேன். தகடு மினுமினுன்னு வெயில்ல அடிச்சா கண்ணு ஏமாந்துரும்னு கற்பூரம் கொளுத்தி அந்தக் கரியை ஏத்துனேன். யாரு இவ்வளவு பாடுபடுவா?

முதல்ல எனக்கு எல்லாம் இடது பக்கமாப் போச்சு. மணல் மூட்டை மேல கையை ஊனி வச்சு, மூச்சைப் புடிச்சுத்தான் சுட்டேன், கை ஆட வழியே இல்ல. அப்ப சைட்டுலதான் வித்தியாசம்னு பேக்சைட்டை வலது பக்கமா கொஞ்சம் கொஞ்சமா நகட்டுனேன். நகட்ட நகட்ட குண்டு நடுவுக்கு வந்துச்சு. கடைசியில ஒரே ஓட்டையில நாலு குண்டு. அந்த டார்கெட் அட்டையைக் கொண்டுபோயி டி.எஸ்.பி. ஐயா மேசையில வச்சேன். அவரு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாரு.

வேலை முடிஞ்சதும் ஸ்க்ரூ தலையில ஒரு பொட்டு வைக்கது என் வழக்கம். என் வீட்டுக்காரியோட நகப்பாலிஷ், செவப்பு. காஞ்சு இறுகிரும். யாராவது திருப்புனா பொட்டு உடைஞ்சிரும், கையும் களவுமா மாட்டிக்கிடுவாவ. நான் வச்ச பொட்டு இருக்கிற துப்பாக்கியில எவனும் ஸ்க்ரூடிரைவரை வைக்கக் கூடாது. எஸ்.பி.யா இருந்தாலும் சரி. அதான் எங்க அறைச் சட்டம். யாரு போட்ட சட்டம்னு கேக்காதீய, நான் போட்டதுதான்.

இப்ப அந்தப் பொம்பளைக்கு வாரேன். ஜெபக்கனின்னு பேரு. நேரடியா எஸ்.ஐ.யா வந்த பொண்ணு, காலேஜுல என்.சி.சி.யில சுட்டவளாம். போன ரெண்டு வருசமும் மண்டலத்துல நல்லா சுட்டும் மாநில டீமுக்கு ஒரு எட்டுல தவறிப் போச்சு. இந்த வருசம் எப்படியும் போயிருவான்னு எல்லாருக்கும் நம்பிக்கை. எனக்கும்தான். பொய் சொல்ல மாட்டேன், நல்ல கை. ஆடாத கை.

அவ வந்து அந்த ரிவால்வரை எடுத்துச் சுடுதா. எல்லாம் வலது பக்கம். குரூப்பு நல்ல குரூப்பு, ஒண்ணு மேல ஒண்ணா விழுது, ஆனா மொத்தமும் வலது பக்கம். எங்கிட்ட வந்து ரொம்ப மரியாதையாத்தான் கேட்டா. "ஏட்டையா, எல்லாம் வலது பக்கம் போகுது. பேக்சைட்டைக் கொஞ்சம் இடது பக்கம் வச்சுக் குடுங்களேன்"ன்னா.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மேடம், நான் சுட்டா நடுவுல விழுது, நீங்க சுட்டா வலது பக்கம் விழுதுன்னா கோளாறு எங்க இருக்குன்னு பாத்துக்கிடுங்கன்னு சொன்னேன். அவ முகம் சுண்டிப் போச்சு. டி.எஸ்.பி. ஐயா பக்கத்துல நின்னாவ, வாங்கிச் சுட்டுப் பாத்தாவ. அவருக்கும் வலது பக்கம். பெறவு ரிசர்வ் இன்ஸ்பெக்டரு. அவருக்கும் வலது பக்கம். இன்னும் ரெண்டு மூணு பேரு. அத்தனை பேருக்கும் வலது பக்கம். பாத்தீயளா, டிரெயினிங்கு எந்த லட்சணத்துல நடக்குதுன்னு? அம்புட்டுப் பேரும் ஒரே தப்பைப் பண்ணுதாவ. ஒருத்தருக்காவது நடுவுல விழணுமே.

அப்பதான் எனக்குப் பாவமாயிருச்சு. சரி, தொழிலைச் சொல்லிக் குடுப்போம், எனக்கு என்ன கொறைஞ்சு போச்சுன்னு நெனைச்சேன். இதை நான் யாருக்கும் சொன்னது கெடையாது அண்ணாச்சி. மனசு எறங்கித்தான் சொன்னேன். "மேடம், நீங்க எந்தத் தகட்டைப் பாக்கீய?"ன்னு கேட்டேன்.

"எந்தத் தகடுன்னா? ஒண்ணுதானே இருக்கு?"ன்னா.

அங்கதான் கோளாறே. போர்சைட்டைக் கண்ணுக்கு நேரா புடிச்சுப் பாத்தா ரெண்டாத் தெரியும். இடது பக்கம் ஒண்ணு, அதை ஒட்டி வலது பக்கம் ஒண்ணு. வலது பக்கத்துக்காரன் கொஞ்சம் மங்கலா, சன்னமா நிப்பான். இடது பக்கத்துக்காரனை விட்டுட்டு வலது பக்கத்துக்காரனை வெட்டுக்கு நடுவுல நிறுத்தணும். அப்பதான் குண்டு பேசும். புதுசுல எனக்கும் ஒண்ணுதான் தெரிஞ்சுது. அப்பல்லாம் நான் சுமாராத்தான் சுடுவேன். சர்வீசு ஏற ஏறத்தான் அந்த ரெண்டாவது தகடு தெரிய ஆரம்பிச்சுது. ஒரு மூணு நாலு வருசமா நல்லாத் தெளிவாவே தெரியுது. அதாவது கண்ணு பழகியிருக்கு. தட்டான் பொன்னை உரசி மாத்து பாக்க மாதிரி, இது அனுபவத்துல வாரது.

இதை அத்தனை பேரு முன்னாலயும் சொன்னேன். டி.எஸ்.பி. ஐயா என்னையே பாத்துக்கிட்டு நிக்காவ. அந்தப் பொண்ணு என் கண்ணையே உத்துப் பாத்தா. நான் என்ன நெனைச்சேன்? சரி, இப்பதான் ஏட்டோட அருமை தெரியுது போலன்னு நெனைச்சேன்.

அடுத்த வாரம் அவ சுட்டதெல்லாம் நட்ட நடுவுலன்னு சேதி வந்துச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கல. வீட்டுல போயிச் சொன்னேன், பாத்தியா, என் பேச்சைக் கேட்டு வலது தகட்டை எடுத்திருக்கா, பொம்பளைப் புள்ளைன்னாலும் சொன்னா புரிஞ்சுக்கிடுதான்னு. என் வீட்டுக்காரி பேச்சித்தாய், அது கெடக்கட்டும், தாடையில இந்தப் பக்கம் அப்படியே மயிரு நிக்கி, சேவிங் பண்ணும்போது விட்டுட்டீயங்கா. எந்த நேரத்துல எதைப் பேசணும்னு ஒரு விவஸ்தை வேண்டாம்?

போட்டி அன்னைக்குக் காலையில உருப்படிகளைப் பெட்டியில இருந்து எடுத்துத் தொடைச்சு ஒவ்வொண்ணா வச்சேன். அந்த ரிவால்வரைத் திருப்பிப் பாக்கேன், பொட்டு உடைஞ்சிருக்கு. பக்கத்து ஸ்க்ரூ. பயிற்சிக்கு வாங்கிட்டுப் போனப்ப நாலு கிளிக் இடது பக்கம் திருப்பியிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை கெடையாது. நான் வெயில்ல நடந்து நடந்து வச்ச சைட்டு. நான் வச்ச பொட்டு. நடுவுல விழுந்துச்சுன்னு நான் சந்தோசப்பட்டேன், அது என் பேச்சைக் கேட்டு விழல, என் வேலையைக் கெடுத்து விழுந்திருக்கு. என்னை எல்லாருமாச் சேந்து கிறுக்கன் ஆக்கியிருக்காவ.

நான் என்ன செய்வேன்? திருப்பி வச்சேன். நாலு கிளிக், வலது பக்கம், எங்க இருந்துச்சோ அங்க. புதுசாப் பொட்டும் வச்சேன். அவகிட்டச் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? அவ எங்கிட்டச் சொன்னாளா? கோணலா இருந்ததை நேராக்குறதுக்கு யாருகிட்ட உத்தரவு வாங்கணும்? ஆர்மரரோட வேலையே அதுதானே?

அவ சுடுத கோட்டுல போயி நின்ன பெறவுதான் அந்தப் புதுப் பொட்டைப் பாத்திருக்கா. கோட்டுல நின்னுட்டா ஸ்க்ரூவைத் தொடக் கூடாது, அது போட்டிச் சட்டம். நான் பின்னால பெஞ்சுல உக்காந்திருக்கேன். அவ ஒரு தடவை திரும்பி என்னைப் பாத்தா. கோவமா பாத்திருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. அப்படிப் பாக்கல. கையில வச்சிருந்த சாமானை யாரோ புடுங்கிட்டுப் போன மாதிரி பாத்தா. பெறவு திரும்பிச் சுட்டா. முதல் வரிசைக் குண்டு மொத்தமும் வலது பக்கம். ரெண்டாவது வரிசையில இருந்து எல்லாம் நடுவுல விழுந்துச்சு. ஆனா முதல்ல விட்டது விட்டதுதான். இந்தத் தடவையும் மாநில டீமுல அவ பேரு இல்ல.

நான் கேக்கேன், துப்பாக்கி சரியில்லன்னா பின்னால சுட்டது மட்டும் எப்படி நடுவுல விழும்? யாரு ஸ்க்ரூவைத் திருப்புனதுன்னு டி.எஸ்.பி. ஐயா விசாரணை வச்சாவ, அங்கயும் இதைத்தான் கேட்டேன். அதுக்கு அவ சொல்லுதா, முதல் வரிசையைப் பாத்துட்டு, குறியை விட்டு இடது ஓரத்தைப் பாத்துச் சுட்டேன்னு. எப்படி இருக்கு கதை? குறியைப் பாக்காம வேற எங்கேயோ பாத்துச் சுடுதவ, எங்கிட்ட குறி சொல்ல வாரா. நான் பொங்கிட்டேன். மேடம், உங்க கண்ணுக்கு ஒரு தகடுதான் தெரியுதுன்னா அது உங்க கண்ணோட கொறை, முதல்ல கண்ணைப் போயிப் பாருங்கன்னு அத்தனை பேரு இருக்க அறையில சொல்லிட்டேன். கூடாதுதான், எஸ்.ஐ.யப் பாத்து ஏட்டு சொல்லக் கூடாது. ஆனா வாயில வந்துருச்சு.

டி.எஸ்.பி. ஐயா பேனாவை எடுத்துட்டாவ. மெமோன்னு நெனைச்சேன். சம்பள உயர்வை நிறுத்துவாவ, நிறுத்தட்டும், வாங்கிக்கிடுதேன்னு நின்னேன். அப்ப அந்தப் பொண்ணு குறுக்க பேசுனா. "ஐயா, ஏட்டையாவுக்குத் தண்டனை எதுவும் வேண்டாம். அவங்க வேணும்னு செய்யல. ஒரு தடவை கண்ணாஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பி வைங்க"ன்னா.

எனக்குக் காதெல்லாம் அடைச்சுப் போச்சு. அறையில ஒருத்தன் சிரிக்கல. சிரிச்சிருந்தாலாவது சட்டையைப் புடிச்சிருப்பேன். எல்லாரும் தரையைப் பாக்கான். தண்டனை குடுத்தா அது போலீசுக்குக் குடுத்தது. இது என்னது? எனக்கு இரக்கம் காட்டுதாளாம். பழிக்குப் பழி அண்ணாச்சி, வேற ஒண்ணும் இல்ல. நான் அவ கண்ணைச் சொன்னேன், அவ என் கண்ணைச் சொல்லிட்டா. சாவியை அன்னைக்கே வாங்கிட்டாவ.

இன்னும் கூப்பிடலயே. சரி, உங்களுக்கு ஒரு வெள்ளோட்டம் காட்டுதேன், நான் சொல்லுதது பொய்யா நெசமான்னு நீங்களே பாருங்க. இந்தா, என் பேனா. இதை நிறுத்திப் புடிக்கேன், பின்னால வெள்ளைச் செவுரு. ஒரு கண்ணைப் பொத்திக்கிடுங்க. வலது கண்ணால மட்டும் பாருங்க. உங்களுக்கு ஒண்ணுதான் தெரியும். பழகாத கண்ணு பாருங்க, அதனால. எனக்கு ரெண்டு தெரியும். சொல்லுங்க, எத்தனை தெரியுது?

என்னது?

ரெண்டா? வெளையாடாதீய அண்ணாச்சி. நல்லா கண்ணை வச்சுப் பாத்துச் சொல்லுங்க. எந்தப் பக்கம் மங்கலா இருக்கு?

ஆமா. எனக்கும் அப்படித்தான்.

நீங்க பட்டாளத்துல இருந்தீயளா? இல்ல. போலீசு? அதுவும் இல்ல. தோட்டம் தொரவு, காட்டுப் பன்னி வெரட்ட துப்பாக்கி கிப்பாக்கி? பாத்திரக் கடையா. எவர்சில்வரு பாத்திரக் கடை. துப்பாக்கியைத் தொட்டதே கெடையாதா? பொருட்காட்சியில பலூன் சுடுவாவளே, அது கூடவா?

அப்ப உங்களுக்கு எப்படி ரெண்டு தெரியுது?

கண்ணுல புரையா. யாரு சொன்னா? இந்த டாக்டரா. சரி. சரி. எப்பம் இருந்து இப்படித் தெரியுது? ரெண்டு வருசமா. அதுக்கு முன்னால? ஒண்ணாத்தான் தெரிஞ்சுதா. இல்ல, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி, இது லேசுப்பட்ட விஷயம் இல்ல. முன்னால ஒண்ணாத் தெரிஞ்சு, பெறவு அதை ஒட்டி ரெண்டாவது ஒண்ணு வந்துச்சா. மொதல்ல லேசா, போகப் போக நல்லாத் தெளிவா. ஆபரேஷன் பண்ணுனா அந்த ரெண்டாவது போயிருமாமா? நெசமான தகடு எது? இல்ல, பேனா. நெசமான பேனா எதுன்னு கேட்டேன். இடது பக்கம் இருக்கிறதா.

இடது பக்கம் இருக்கிறதுதான்.

அப்ப அந்தப் பொண்ணு நேராத்தான சுட்டிருக்கா.

ரேஞ்சுல நான் பாடம் நடத்துனேன் அண்ணாச்சி. டி.எஸ்.பி. நின்னாவ, எல்லாரும் நின்னாவ. ஒருத்தனும் வாயைத் தொறந்து சொல்லலியே. எப்படிச் சொல்லுவான், நான் சொல்ல விட்டிருப்பேனா? அவ ஒருத்திதான் சொன்னா. அவளைப் போயி...

என்னம்மா? வெயிலுமுத்தா? நான்தான். வாரேன், வாரேன். ஏன் இப்படிக் கத்துதீய? எனக்குக் காது நல்லாத்தான் கேக்கு.